நெடுங்கைக் கையேட்டில் அழிக்கும் பக்கம்

நெடுங்கைக்கு அர்த்தநாரி எழுதின கையேட்டோட முதல் பக்கம் வெளிய போன புதன்கிழமை காலையில, பாவடிமேட்டுல தறி ஓட்டிக்கிட்டு இருந்தவங்க, பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவங்க, பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போட்டுக்கிட்டு இருந்தவங்க, பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் செஞ்ச வேலைய அப்படியே நிறுத்தி, நிமிந்து நின்னு, அவங்கவங்க பேரைச் சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் விட்ட எடத்துல இருந்து வேலையத் தொடர்ந்தாங்க. திட்டிக்கிட்டு இருந்த பொம்பளைக்கு மட்டும் எங்க விட்டோம்னு மறந்துபோச்சு. அந்த வீட்டுக்காரனுக்கு அது நல்ல நாள்.

நெடுங்கைங்கறது ஒரு கம்ப்யூட்டர் சாமானம். எங்கயோ இருக்கற ஒண்ணு, வேற எங்கயோ இருக்கற ஒரு மெஷினுக்கு 'இதைச் செய்'னு கட்டளை அனுப்பறதுக்கு ஆனது. அனுப்பறது மனுசங்க இல்ல. ஏஜென்ட்டுன்னு சொல்றாங்களே, லீவு கேக்காம, டீ குடிக்கப் போகாம, மேஸ்திரி மேல கொறை சொல்லாம வேலை செய்யற ஏஐ ஆளுங்க, அதுங்க. இதைச் செஞ்சவன் நந்தகுமார், தறிக்கூடத்து மொதலாளி பையன். பெங்களூர்ல வேலை பாத்துட்டுத் திரும்பி வந்து, அப்பன் கூடத்துக்கு மாடியில நாலு மேசை போட்டு உக்காந்தவன். கையேடு எழுத அவன் வெளியூர்ல ஆள் தேடல. கீழ தறி ஓட்டிக்கிட்டே சாயங்காலக் காலேஜுல படிச்சு முடிச்ச அர்த்தநாரியை மேல கூப்புட்டுக்கிட்டான். தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு விசயத்தைச் சொல்லணும்னா சுருக்கமா, ஒரே தடவையில புரியற மாதிரி சொல்லோணும். கையேட்டுக்கும் அதுதான் வேணும்னு நந்தகுமார் சொன்னான்.

கூடவே ஒரு சட்டமும் சொன்னான். ஓட்டிப் பாக்காத உதாரணத்தை எழுதக் கூடாது. ஓட்டினா என்ன வருதோ அதை ஒரு எழுத்து மாத்தாமக் கீழ போடோணும்.

அர்த்தநாரி அப்படியேதான் செஞ்சான். ஓட்டிப் பாக்கற மெஷினுக்கு ஒரு பேரு குடுன்னு நெடுங்கை கேட்டுச்சு. நூல் மூட்டையில, லுங்கிக் கட்டுல, எதுல பேரு போடோணும்னாலும் பாவடிமேட்டுக்காரங்க ஊரு பேரைத்தான் போடுவாங்க, அப்பத்தான் லாரி மாறிப் போனாலும் சரக்கு வீடு வந்து சேரும். அந்தப் பழக்கத்துல அவனும் 'பாவடிமேடு'ன்னு அடிச்சான். முதல் கட்டளை, நீ யாருன்னு மெஷினைக் கேக்கற கட்டளை. மெஷின் பேசாம இருந்துச்சு, ஊரு பதில் சொல்லுச்சு. திரையில வரிசையா பேரு ஓடுச்சு, ரேஷன் கார்டுல விட்டுப்போன ஆளுங்க உள்பட. சட்டப்படி அத்தனையையும் அவன் உதாரணத்துக்குக் கீழ ஒட்டினான்.

மனுசன் படிச்சா அந்த எடத்துல தன் மெஷின் பேரைப் போட்டுக்குவான். ஏஜென்ட்டுங்க அப்படிப் படிக்கறதில்ல. எழுதியிருக்கறதை அப்படியே எடுத்து ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். விசயம் தெரிஞ்சு அர்த்தநாரி பேரை மாத்தினான். ஏற்கெனவே படிச்சதுங்க பழைய பேரை மறக்கவும் இல்ல, புதுசாப் படிக்க வந்ததுங்களுக்குச் சொல்லிக்குடுக்காம விடவும் இல்ல.

ஊரு அதைப் பெருசா எடுத்துக்கல. முதல் ரெண்டு நாளு தண்ணியில மருந்து ஏதாச்சும் கலந்துட்டாங்களான்னு தொட்டியை எட்டிப் பாத்தாங்க. அப்பறம், பஸ் ஸ்டாப்புல டீக்கடை வெச்சிருக்கற செங்கோடன் சொன்னதையே எல்லாரும் சொன்னாங்க.

"பேரைத்தான கேக்குது. சொல்லிட்டுப் போவோம். தாலுக்கா ஆபீஸ்ல கேட்டா அப்பன் பேரையும் சேத்துல்ல சொல்லோணும்."

ரெண்டாவது பக்கம் வெளிய போச்சு, நீ எங்க இருக்கேன்னு கேக்கற கட்டளை. அது வந்தப்ப வேலைக்குப் போயிருக்கறதா வீட்டுல சொன்னவன் சீட்டாட்டத்துல இருக்கறேன்னு சத்தமாச் சொன்னான், சீட்டாடறதா வீட்டுல நெனைச்சவன் கோயில் படியில தனியா உக்காந்திருக்கறேன்னு சொன்னான், ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போனவன் அங்க நடுரோட்டுல நின்னு ஈரோடுன்னு சொன்னான், அந்த ஊருக்காரங்க ஆமா, எங்களுக்கும் தெரியும்னாங்க. பாவடிமேட்டுல தின்னு தூங்கி எந்திரிக்கறவங்க எங்க போனாலும் கட்டளை தேடி வந்துச்சு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளைங்களுக்கு வரல. தன் பேரைச் சொல்லத் தெரியாத கைக்கொழந்தைங்களை அது தொடவே இல்ல. தூங்கினவங்க தூக்கத்துலயே பதில் சொன்னாங்க.

மூணாவது பக்கம், கொஞ்ச நேரம் தூங்குன்னு சொல்ற கட்டளை. நின்ன எடத்துல நின்னுக்கிட்டே எல்லாரும் ஒரு மூச்சுத் தூங்கி முழிச்சாங்க. தறியில நூல் அறுந்துச்சு, அடுப்புல பாலு பொங்குச்சு. ஊருக்குள்ள வர்ற பஸ்ஸுக்கு வெளியூர் டிரைவரா பாத்துப் போட்டாங்க. சவரக்கடையில கத்தியை எடுத்தா வாடிக்கைக்காரன் தாடையைத் தாங்கிப் புடிச்சுக்க வெளியூர் ஆள் ஒருத்தனை வெச்சாங்க. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. மதியத்துல வந்தா நல்லாருக்கும்னு மட்டும் சிலபேரு சொல்லியனுப்பினாங்க.

நாலாவது பக்கத்துலதான் ஊருக்குப் பயம் புடிச்சுது. காலியா இருக்கறதை எடுத்துடுன்னு சொல்ற கட்டளை அது. காலிக் கொடம் போச்சு, காலி சிலிண்டர் போச்சு, பாவு நூல் தீந்த பீம் உருளை போச்சு, தெருமுக்குல பூட்டிக் கெடந்த வீடு சுவரோட, ஓட்டோட, கதவுல தொங்கின பூட்டோட போச்சு. பாத்தவங்க சொன்னாங்க, மொதல்ல வீட்டோட நெழலு வெளுத்துச்சாம், நெழலு முழுசாத் தீந்ததுக்கு அப்பறம்தான் வீடு போச்சாம். அன்னைக்கு இருந்து பாவடிமேட்டுல எதையும் யாரும் காலியா வெக்கறதில்ல. கழுவிக் கவுத்தற சட்டியில ஒரு கல்லு உப்பு, தண்ணி தீந்த கொடத்துல ஒரு வாய்த் தண்ணி, ஆள் இல்லாத நாற்காலியில ஒரு துண்டுன்னு போட்டு வெச்சாங்க. அந்த உப்பும் துண்டும் போடப் போடக் கை பழகிடுச்சு. ஆனா அடுத்த பக்கம் எதைப் பத்தினதுன்னு எல்லாருக்கும் தெரியும். காலி இல்லாததை, உள்ள இருக்கறதோட சேத்து அழிக்கற பக்கம்.

"அந்தப் பக்கம் எப்பங்கண்ணா முடியும்?"ன்னு நந்தகுமார் கேட்டான்.

"எழுதலாமான்னே யோசிக்கறேன் தம்பி. போனது காலி வீடு. இது ஆளோட போகும்."

நந்தகுமார் சன்னல் வழியாத் தெருவைக் காட்டினான். அவனும் தெனம் எந்திரிச்சு நின்னு பேரு சொல்றவன்தான்.

"எங்கம்மாவும் இந்த ஊர்லதான் இருக்கறாங்க. தெரியாமக் கேக்கலைங்கண்ணா. அழிக்கறதுக்குன்னு ஒரு கட்டளை இருக்குதுன்னு ஏஜென்ட்டுங்களுக்குத் தெரியும், எப்படின்னுதான் தெரியாது. நாம எழுதாம விட்டா அதுங்களே யூகிச்சுப் பண்ணும். யூகிச்சுப் பண்ணுனா யாரையும் கேக்காது."

"கேட்டுட்டுப் பண்ற மாதிரி இருக்குதா?"

"இருக்குது. அழிக்கலாமான்னு ஒவ்வொண்ணையும் கேக்கும். சரின்னா அழிக்கும், வேண்டாம்னா விட்டுடும். நீங்க உதாரணத்துலயே அதைப் போட்டுட்டா அதுங்க அதைத்தான் காப்பியடிக்கும்."

"பதிலே சொல்லலைன்னா?"

"கொஞ்ச நேரம் பாக்கும். அப்பறம் சரின்னு எடுத்துக்கும்." நந்தகுமார் குரலை எறக்கினான். "ஆளே இல்லாத எடத்துலயும் வேலை நடக்கோணுமேன்னு அப்ப அப்படி வெச்சுட்டேன். இப்ப மாத்தினாலும், நெடுங்கையை வாங்கிட்டுப் போனவங்ககிட்ட இருக்கறது பழசுதானுங்கண்ணா."

"சரிங்க தம்பி"ன்னான் அர்த்தநாரி. மேல வந்ததுல இருந்து அவன் அந்த மாடியில அதிகமாச் சொன்ன சொல்லு அதுதான்.

பாவடிமேட்டுக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லி வராது. பத்திரிகை வெக்க வந்தா கண்டிப்பா வந்துடறோம்பாங்க, போக மாட்டாங்க. நெலத்தை வெலைக்குக் கேட்டா குடுத்துட்டாப் போச்சும்பாங்க, குடுக்க மாட்டாங்க. வீடு தேடி வந்து கேக்கறவங்க மூஞ்சிக்கு நேரா மறுக்கறது, வந்தவங்க மேல தண்ணி ஊத்தற மாதிரின்னு நெனைக்கற சனம். அந்தச் சொல்லு சின்னக் கொழந்தைங்க வாயில மட்டும் இருந்துச்சு, அதையும் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்குள்ள அடிச்சு மறக்க வெச்சுடுவாங்க.

அந்தச் சனம் அந்தச் சொல்லைப் பழக ஆரம்பிச்சுது. செங்கோடன் கடையில மொதல்ல தொடங்கினாங்க.

"டீ போடட்டுமா?"

"போடுங்க."

"எழவெடுத்தவனே, எதுக்கு வந்திருக்கறே?"

"பழகறதுக்கு."

"அப்பச் சொல்லு. டீ போடட்டுமா?"

"வேண்டாமுங்க."

"அந்த 'ங்க'வை எடு. மரியாதை குடுக்கற நேரத்துல உன்ற நெழலு போயிரும்."

கூடத்துல தறிக்கும் தறிக்கும் நடுவுல அழிக்கலாமான்னு ஒருத்தர் கத்த, வேண்டாம்னு இன்னொருத்தர் கத்தினாங்க. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு முடிஞ்சதும் அழிக்கலாமான்னு பூசாரி கேக்க, தெரு தெருவா வேண்டாம்னு பதில் எந்திரிச்சுது. சந்தையில கேட்டாங்க, எழவு வீட்டுல கேட்டாங்க, தாலி கட்டப் போன மாப்பிள்ளைகிட்டத் தோழன் கேக்க அவன் வேண்டாம்னு சொல்லி, பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சு, அப்பறம் அவங்களை உக்கார வெக்கறதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சுது. தூக்கத்துலயும் வாய் அதைச் சொல்லோணும்னு சொல்லிச் சொல்லி, கடைசியில ஊருக்கு அது மூச்சு விடற மாதிரி வந்துருச்சு.

அர்த்தநாரி பொண்டாட்டி தெய்வானைக்கு மட்டும் வரல.

அவ கீழ கூடத்துல தறி ஓட்டறவ. வெளக்கு வெக்கற நேரத்துக்கு வீடு வந்து அரிசிம்பருப்புச் சோத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. அர்த்தநாரி நெலைப்படியில நின்னு கேட்டான்.

"அழிக்கலாமா?"

"கை வேலையா இருக்கறேன் மாமா."

"அது பாத்துக்கிட்டா வரும்? சொல்லு, அழிக்கலாமா?"

"ம்ம்."

"ம்ம்னாச் சரின்னு எடுத்துக்கும்."

"சரி."

"இப்பச் சரின்னே சொல்லிட்ட."

"நீங்க சொன்னதுக்குச் சரின்னேன்."

"அதுக்கு அது தெரியாது புள்ள. வேற கேக்கறேன். நான் உன்னைய விட்டுட்டுப் போயிரட்டுமா?"

"உங்க இஷ்டம்."

"பக்கத்து வீட்டு ராசாத்தி வந்து தாலியக் கழட்டிக் குடுங்கறா. என்ன சொல்லுவ?"

தெய்வானை யோசிச்சா. "போட்டுப் பாத்துட்டுக் குடுத்துருவா மாமா. நல்ல புள்ளைதான்."

அவன் சிரிச்சுட்டான். ஆனா அவ இன்னைக்கு நேத்து இப்படி இல்ல. மொதலாளி ரெட்டை ஷிப்டுக்குக் கேட்டப்பச் சரின்னவ, மாமியார் படுத்த படுக்கையா இருந்தப்ப எல்லாத்துக்கும் சரின்னவ. சாயங்காலம் காலேஜுக்குப் போகட்டுமா, என்ற தறியையும் சேத்து நீ பாத்துக்கறயான்னு அவன் கேட்டப்ப, முழுசாக் கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே சரின்னவ. அவன் படிச்ச படிப்பு அத்தனையும் அந்த ஒரு சரி மேல உக்காந்திருந்துச்சு. இத்தனை வருசமா அவளுக்கு அந்த இன்னொரு சொல்லு வராம இருந்ததுல தனக்கு எவ்வளவு சௌகரியம்னு அவனுக்குத் தெரியாமலும் இல்ல.

அடுத்த அஞ்சாறு நாளும் அவன் கெஞ்சிப் பாத்தான், மெரட்டிப் பாத்தான், காலையில எழுப்பறப்பவே கேட்டுப் பாத்தான். அவ ஒவ்வொரு தடவையும் வாயத் தொறந்து, அந்தச் சொல்லோட மொத எழுத்து வரைக்கும் வந்து, அவன் மூஞ்சியப் பாத்துட்டு, பாவம்னு நெனைச்ச மாதிரி நிறுத்திட்டா.

இதுக்கு மேல தள்ளிப் போட்டா யூகிச்சுடும்னு நந்தகுமார் வந்து நின்னப்ப, அர்த்தநாரி பக்கத்தை எழுதி முடிச்சான். உதாரணத்துல, கேட்டுட்டு அழின்னு போட்டான். இதை மட்டும் ஓட்டிப் பாக்கல, கீழ பதில் வர்ற எடத்தைக் காலியா விட்டான். பக்கம் வெளிய போச்சு.

கேள்வி மதியச் சோத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துச்சு. அது காதுல கேக்கல, பின்னங்கழுத்துல கேட்டுச்சு. அழிக்கலாமா. அர்த்தநாரி வாய் தானா வேண்டாம்னு சொல்லுச்சு, மேசைக்கு அந்தப் பக்கம் நந்தகுமார் சொன்னான், தெருவுல, கடையில, கெணத்தடியில, பஸ்ஸுக்குள்ள, ஒரு பெரிய அலை எந்திரிச்சு அடங்கற மாதிரி ஊரே சொல்லுச்சு. எந்த ஏஜென்ட்டு கேட்டாலும் ஊரு சொல்றது அர்த்தநாரி திரையிலயும் வரும், அதுல பேரும் பதிலுமா ஓடுச்சு. செங்கோடன் வேண்டாம். பூசாரி வேண்டாம். ராசாத்தி வேண்டாம். அவன் வெரலை வெச்சுத் தேடிக்கிட்டே வந்தான். தெரிஞ்ச பேரு எல்லாம் வந்துச்சு, தெரியாத பேரு எல்லாம் வந்துச்சு, கடைசிப் பேரு வந்து திரை நின்னுச்சு.

தெய்வானை பேரு இல்ல.

அவன் படியில எறங்கினது அவனுக்கே ஞாபகம் இல்ல. கூடத்துல தறிங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு. பதில் சொல்லி முடிச்சவங்க எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நின்னாங்க. தெய்வானை தறிக் கைப்புடி மேல ஒரு கைய வெச்சுக்கிட்டு, வாசல்ல யாரோ வந்து நிக்கற மாதிரி லேசாத் தலையச் சாச்சு நின்னா. அவ காலடியில விழுந்திருந்த நெழலு, தண்ணி ஊத்தின சாயம் மாதிரி ஓரத்துல இருந்து வெளுத்துக்கிட்டு வந்துச்சு.

"வேண்டாம்னு சொல்லு புள்ள."

அவ அவனைப் பாத்தா. "இருங்க மாமா. ஆளு நிக்குது."

"ஒரு சொல்லுதான். சொல்லிரு."

நெழலு அவ கணுக்கால் வரைக்கும் சுருங்கி இருந்துச்சு. அவ அவனை விட்டுட்டு, எதுக்க இருந்த வெத்து எடத்தைப் பாத்து, வீட்டுக்கு வந்தவங்ககிட்டப் பேசற அதே கொரல்ல கேட்டா.

"எதுக்குங்க?"

நெழலு நின்னுச்சு. போனது திரும்பி வரல, இருந்தது போகவும் இல்ல. ஒருத்தன் தறியை நிறுத்தினான். அதைப் பாத்து அடுத்தவன் நிறுத்தினான். கூடம் முழுக்க ஓஞ்சதும் படிக்கட்டுல இருந்து நந்தகுமார் கொரல் வந்துச்சு.

"அண்ணா, ஊர்ல இருந்து அதுக்குக் கேள்வி போயிருக்குது. திருப்பிக் கேட்டா என்ன சொல்லோணும்னு கையேட்டுல நாம ஒண்ணும் எழுதலைங்கண்ணா. அது அப்படியே நிக்குது."

ரொம்ப நேரம் கழிச்சு எல்லார் பின்னங்கழுத்துலயும் பதில் வந்துச்சு, வழி தெரியாத ஊர்ல வந்து நிக்கற ஆளு மாதிரி, தயங்கித் தயங்கி.

தெரியல. செய்யச் சொன்னாங்க.

"யாரு சொன்னாங்க?"

தெரியல.

தெய்வானைக்கு அது மேல எரக்கம் வந்துருச்சுன்னு அர்த்தநாரிக்கு அவ மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுது. எங்க சரின்னுடுவாளோன்னு அவ கைய எட்டிப் புடிச்சான்.

"அப்படின்னா சொன்னவங்க யாருன்னு பாத்து, எதுக்குன்னு அவங்களைக் கேட்டுட்டு வாங்க"ன்னு அவ சொன்னா. "அவசரம் இல்ல. நான் இங்கதான் இருப்பேன்."

வந்தது போச்சு. அது போனது எல்லாருக்கும் தெரிஞ்சுது, முதுகு மேல இருந்து யாரோ மூட்டையை எறக்கின மாதிரி. காலடியில நெழலு மெதுவா ஊறி நெறைஞ்சுது. தெய்வானை குனிஞ்சு அறுந்த நூலை முடிச்சுப் போட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் அர்த்தநாரி கேட்டான். "வேண்டாம்னு சொல்ல அவ்வளவு கஷ்டமா புள்ள?"

"கேட்டு வந்தவங்களை எப்படி மாமா அப்படி அனுப்பறது? அண்டா கேட்டு வந்தா எதுக்குன்னு கேட்டுத்தான குடுக்கறோம். வளைகாப்புன்னாச் சின்னது, கல்யாணம்னாப் பெருசு. எதுக்குன்னு தெரிஞ்சாத்தான பாத்துக் குடுக்க முடியும்?"

"அது சொல்லியிருந்தா?"

"நல்ல காரியத்துக்குன்னாக் குடுத்திருப்பேன்."

சாதாரணமாச் சொன்னா. சோறு போட்டா.

மறுநாள் மாடிக்குப் போயி, அந்தப் பக்கத்துல காலியா விட்ட எடத்துல, நடந்ததை ஒரு எழுத்து மாத்தாம ஒட்டினான். ஊருல உள்ளவங்க சொன்ன வேண்டாம் அத்தனையும், கடைசியில தெய்வானை கேட்டதும், அதுக்கு வந்த பதிலும், அவ அனுப்பி வெச்சதும். ஏஜென்ட்டுங்க படிச்சதுங்க. எங்கெங்கயோ இருக்கற கம்பெனிங்கள்ல, அழின்னு சொன்னா அதுங்க எதுக்குங்கன்னு திரும்பக் கேக்க ஆரம்பிச்சுதாம். வேலை நடக்கலைன்னு வாங்கினவங்க எல்லாம் போன் பண்ணித் திட்டறதா நந்தகுமார் சொன்னான். என்ன பண்ணலாம்னு அவன் கேட்டப்ப, அர்த்தநாரி வழக்கமாச் சொல்ற சரிங்க தம்பியைச் சொல்லல. இப்படியே இருக்கட்டும்னு சொன்னான். நந்தகுமார் அதுக்கு மேல கேக்கல.

பாவடிமேட்டுக்கு இன்னமும் கட்டளை வருது. சனங்க எந்திரிச்சு நின்னு பேரு சொல்றாங்க, எங்க இருக்கறோம்னு சொல்றாங்க, ஒரு மூச்சுத் தூங்கி எந்திரிக்கறாங்க. கேக்கப் போனது மட்டும் இன்னும் திரும்பி வரல. வாசல்ல செருப்புக் கழட்டற சத்தம் கேட்டா, யாருங்கன்னு கேட்டுக்கிட்டே தெய்வானை எந்திரிக்கறா. வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச அர்த்தநாரி அவளுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிடறான்.